மார்பகப் புற்றுநோய்க்கு ரத்தத்தில் தடயம்: பழைய சிஏ 15-3, புதிய ஹோட்டேர்

மார்பகப் புற்றுநோய்க்கு ரத்தத்தில் அளப்பது என்றால் முதலில் நினைவுக்கு வருவது சிஏ 15-3. மியூசின்-1 என்ற புரதத்திலிருந்து உதிரும் துண்டு அது. ஆன்டிபாடி கொண்டு எளிதாக அளந்துவிடலாம். ஆனால் தொடக்க நிலைக் கட்டியில் பெரும்பாலும் உயராது. கல்லீரல் கோளாறு இருந்தால் புற்றுநோயே இல்லாமலும் ஏறிவிடும். அதனால்தான் நோயைக் கண்டுபிடிக்க அல்ல, பரவிய நோய் சிகிச்சைக்கு மசிகிறதா என்று பார்க்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஹோட்டேர் வேறு ரகம். புரதம் எதையும் உருவாக்காத, 200 எழுத்துகளுக்கு (வேதி அலகுகளுக்கு) மேல் நீளும் ஆர்.என்.ஏ., அதாவது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல். பிஆர்சி2 என்ற புரதக் கூட்டத்தின் துணையோடு சில மரபணுக்களை வாயடைக்கிறது என்பது 2007-இல் முன்வைக்கப்பட்ட விளக்கம். கட்டியில் இது மிகுந்திருந்தால் நோய் பரவும் அபாயமும் அதிகம் என்று 2010-இல் ஓர் ஆய்வு காட்டியது. கவனியுங்கள், கட்டியில்! ரத்தத்தில் அளப்பது தனிப் பாடு. அங்குள்ள நொதிகள் ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும், எக்சோசோம் போன்ற நுண்பைகளுக்குள் இருப்பதுதான் ஓரளவு தப்பும். குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலே அளவு பிறழலாம். எதை ஒப்பீட்டு அளவுகோலாக வைப்பது என்பதிலும் ஆய்வகங்களுக்குள் ஒற்றுமை இல்லை. போதாததற்கு, வேறு பல புற்றுநோய்களிலும் ஹோட்டேர் உயர்கிறது.

இந்த வகை ஆர்.என்.ஏ. சோதனைக்குப் பயன்படவே முடியாது என்றில்லை. அதன் பங்காளியான பிசிஏ3 என்ற ஆர்.என்.ஏ.வை அளக்கும் சோதனை 2012-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக, அதுவும் சிறுநீரில்.

இன்றைக்கு ரிப்போர்ட் வேண்டுமென்றால் சிஏ 15-3தான். ஆய்வுப் பணம் என் கையில் இருந்தால், ஹோட்டேரைத் தனியாக நம்பாமல் இன்னும் நாலைந்து ஆர்.என்.ஏ.க்களோடு சேர்த்தே அளப்பேன்.