பல்கலைக்கழக அட்டையா, விக்டோரியா ஸ்திரீட்டா? சிங்கப்பூரில் தமிழ் ஆய்வுக்கு எது எதற்கு

சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம், வரலாறு, மொழிக் கல்வி என எதை ஆராயப் புறப்பட்டாலும் முதல் வாரத்திலேயே பலர் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. பல்கலைக்கழக நூலகத்தின் தேடுபெட்டியில் ‘சிறுகதை’ என்று தமிழில் தட்டுவார்கள். சொற்பமான பதிவுகளே வரும். ‘இங்கே தமிழ் இவ்வளவுதான்’ என்று முடிவுகட்டிவிட்டு, இணையத்தில் கைக்கு அகப்பட்ட பிடிஎஃபை வைத்தே ஆய்வேட்டை ஒப்பேற்றிவிடுவார்கள். புத்தகம் அலமாரியில்தான் இருக்கும். கேட்ட எழுத்துதான் பட்டியலுக்குப் புரிந்திருக்காது. பல்கலைக்கழக நூலகம் எதற்குக் கைகொடுக்கும், விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகம் எதற்குக் கைகொடுக்கும் என்று பார்ப்போம்.

பல்கலைக்கழகப் பட்டியல்களில் தமிழ் நூல்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில், அமெரிக்க நூலக ஒலிபெயர்ப்பு முறைப்படி பதியப்பட்டவை. பழைய பதிவுகள் பலவற்றில் தமிழ் எழுத்தே இராது. அந்த முறை நாம் பேசும் ஒலியைப் பார்க்காது, எழுதும் எழுத்தைப் பார்க்கும். சகரம் எங்கு வந்தாலும் ‘சி’ என்ற ஆங்கில எழுத்துதான், ‘எஸ்’ கிடையாது. ககரத்துக்கு எப்போதும் ‘கே’, ‘ஜி’ வராது. பகரத்துக்கு ‘பி’ (பேனாவின் முதலெழுத்து), தகரத்துக்கும் டகரத்துக்கும் ‘டி’ (‘தமிழ்’ என்று ஆங்கிலத்தில் எழுதும்போது வரும் முதலெழுத்து). டகரத்தின் கீழ் ஒரு புள்ளி இருக்கும், தட்டும்போது அதை விட்டுவிடலாம். ழகரத்துக்கு நாம் பழகிய ‘இஸட்-எச்’ போட்டால் ஒன்றும் வராது. ‘எல்’ போட வேண்டும்.

ஆகவே சிங்கப்பூரைத் தேட சி, ஐ, என், கே, ஏ, பி, பி, யு, ஆர் என்று தட்டுங்கள். சிறுகதைக்கு சி, ஐ, ஆர், யு, கே, ஏ, டி, ஏ, ஐ. கடைசியில் ஒரு நட்சத்திரக்குறி சேர்த்தால் ‘சிறுகதைகள்’, ‘சிறுகதைத்’ இரண்டும் சேர்ந்து வரும். அந்தக் குறி கட்டாயம் வேண்டும் என்பதற்குக் காரணம் நம்முடைய சந்தி. ‘சிங்கப்பூர்த் தமிழர்’ என்ற தலைப்பில் உள்ள ‘சிங்கப்பூர்த்’ கணினிக்கு வேறொரு சொல். ‘த்’ ஒட்டியதால் மட்டுமே காணாமல்போன தலைப்புகள் ஏராளம். தமிழ் எழுத்தில் தேடும் இடங்களிலும் இதே சிக்கல் இருக்கிறது, அங்கும் ஒற்றோடும் ஒற்றில்லாமலும் இருமுறை தேடுங்கள். கிரந்த எழுத்துகள் தப்பித்தன: ஜகரத்துக்கு ‘ஜே’, ஸகரத்துக்கு ‘எஸ்’.

ஆசிரியர் பெயரில் குழப்பம் இன்னும் கூடும். உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் பெயர் அவர் ஆங்கிலத்தில் எழுதும் விதத்திலும் இருக்கலாம், ஒலிபெயர்ப்பு முறையிலும் இருக்கலாம். ‘கோவிந்தசாமி’யை ‘ஜி’யில் ஒருமுறையும் ‘கே’யில் ஒருமுறையும் தேடாமல் விட்டால் தேடல் பாதியில் நின்றதாகவே அர்த்தம். தேசிய நூலகத்தின் பட்டியல் தமிழ் எழுத்தையும் ஏற்பதால் இந்த விஷயத்தில் அதற்கே முதலிடம்.

அலமாரிக்குப் போனாலும் இரண்டும் இரண்டு உலகம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங்கும் பின்பற்றுவது அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாடு. தமிழ் இலக்கியம் பிஎல் 4758 என்ற அலமாரி எண்ணை ஒட்டி நிற்கும், தனி ஆசிரியர்களின் படைப்புகள் 4758.9இல் பெயர் வரிசையில் வரும். ஒருவர் கவிதையும் எழுதி, நாவலும் எழுதி, நாடகமும் போட்டிருந்தால் மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கும். தேசிய நூலகத்தில் டூயி தசம முறை: 894.811 தமிழ் இலக்கியம், அதன்கீழ் கவிதை 894.8111, நாடகம் 894.8112, புனைகதை 894.8113. அதே எழுத்தாளர் அங்கே மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பார். ஓர் எழுத்தாளரைப் பற்றிய ஆய்வென்றால் பல்கலைக்கழக அடுக்கு வசதி. ஒரு வடிவத்தைப் பற்றியதென்றால், புதுக்கவிதை மாதிரி, டூயி வரிசையில் நடந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சரி, எங்கே எவ்வளவு இருக்கிறது? உள்ளூரில் அச்சான தமிழ் நூல்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டை மிஞ்ச யாருமில்லை. இதற்குச் சட்டமே காரணம். சிங்கப்பூரில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் இரண்டு பிரதிகளை, வெளியான நான்கு வாரத்துக்குள், பதிப்பாளர் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்த உரிமை இல்லை. அவை வாங்கினால் உண்டு, நன்கொடையாக வந்தால் உண்டு.

இந்த வலையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நம் எழுத்தாளர்கள் பலர் புத்தகத்தைச் சென்னைப் பதிப்பகத்தில் போடுகிறார்கள். பதிப்பாளர் இங்கே இல்லாததால் ஒப்படைப்புக் கடமை அவருக்கில்லை. அப்படிப்பட்ட நூல் தேசிய நூலகத்தில் இல்லையென்றால் உடனே கைவிட வேண்டாம். இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி போயிருக்க வேண்டும். அங்கே தேடுங்கள், அல்லது பல்கலைக்கழகத்தின் நூலகப் பரிமாற்றச் சேவையிடம் கேளுங்கள்.

பழைய காலத்துக்குப் போகப் போக பல்கலைக்கழகத் தமிழ் அடுக்கு மெலிவதற்கும் ஒரு வரலாறு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தபோது, 1956இல், இந்தியவியல் துறை தொடங்கியது. பின்னர் அது கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தது. தமிழ்ப் படிப்பும் அதற்கான நூல் சேகரமும் அங்கேயே வேர்விட்டன. ஐம்பது, அறுபதுகளின் மலாயாத் தமிழ் எழுத்தை ஆராய்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகப் பட்டியலும் ஒரு போட்டியாளர்தான். ஜொகூர் பாலத்தைக் கடக்கும் முன் அதை இணையத்திலேயே துழாவிவிடலாம்.

தேசிய நூலகக் கட்டடத்தில் 7ஆம் தளம் முதல் 13ஆம் தளம் வரை லீ கொங் சியான் மேற்கோள் நூலகம். தமிழ்ச் சேகரம் 9ஆம் தளத்தில், சிங்கப்பூர், தென்கிழக்காசியச் சேகரம் 11இல், அரிய நூல்கள் 13இல். உள்ளூர்த் தமிழ் நூல் 9இல் கிடைக்காவிட்டால் 11இல் இருக்கக்கூடும். பலர் 9இலேயே திரும்பிவிடுகிறார்கள். இங்கே இரவல் கிடையாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். பல்கலைக்கழக அட்டைக்காரர் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் அதே தலைப்புக்கு வட்டார நூலகம் ஏதாவதொன்றில் இரவல் பிரதி இருக்கக்கூடும், 21 நாள் வைத்துக்கொள்ளலாம். பூகிஸ் எம்ஆர்டியில் இறங்குமுன் பட்டியலில் பார்த்துவிடுவது நல்லது.

பத்திரிகைகளில் போட்டியே இல்லை. தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தொகுப்பான நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ முதல் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ வரை இருக்கின்றன. பல்கலைக்கழக அட்டை வேண்டியதில்லை. ஆனால் பழைய தமிழ் அச்சில் சொல் தேடலை நம்பி உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘றா’, ‘ணை’, ‘னை’ வடிவங்கள், மங்கிய மை, ஒட்டிக்கொண்ட வரிகள் எல்லாம் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளைத் தடுமாற வைக்கும். அதனால் கைகொடுப்பது சுற்றுவழிதான். நிகழ்ச்சியை முதலில் 1845 முதல் வரும் ‘தி ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ இதழில் ஆங்கிலத்தில் தேடித் தேதியைப் பிடியுங்கள். பிறகு தமிழ் முரசில் அந்தத் தேதிக்கு முன்பின் ஒரு வாரத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். ஒரு மன்றத்தின் ஆண்டுவிழா ஆங்கிலப் பத்திரிகையில் நான்கு வரியோடு முடிந்திருக்கும், தமிழில் பேச்சாளர் பட்டியலோடு அரைப்பக்கம் ஓடியிருக்கும். அண்மைக்கால இதழ்கள் சிலவற்றை வீட்டிலிருந்து திறக்க முடியாது, நூலகத்தின் பல்லூடகக் கணினியில்தான் படிக்கலாம்.

புத்தகங்களுக்கு இதே போன்ற இன்னொரு கொடை, 2015இல் சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டில் வெளியான தமிழ் மின்மரபுத் திட்டம். 1965 முதல் 50 ஆண்டுகளில் வந்த 300க்கும் மேற்பட்ட சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் மின்வடிவில் கிடைக்கின்றன. இளங்கலை மாணவருக்கு இதுவே போதுமென்று சொல்லலாம். முனைவர் பட்டத்துக்குப் போதாது: முன்னுரை, பதிப்பு வேறுபாடு, அட்டை விளம்பரம் என்று பார்க்க அச்சுப்பிரதிக்குத்தான் போக வேண்டும்.

அப்படியானால் பல்கலைக்கழக அட்டை எதற்கு? முதலாவது, ஆங்கில ஆய்விதழ்கள். கட்டணச் சுவருக்குப் பின்னாலிருக்கும் கட்டுரைகளை வெளியிலிருந்து வாங்கினால் கட்டுப்படியாகாது. வளாகத்துக்கு வெளியே இருக்கும்போது நேராகப் பதிப்பகத் தளத்துக்குப் போனால் பணம் கேட்கும். நூலகப் பக்கம் வழியே நுழைந்தால்தான் உங்களை அடையாளம் காணும். கூகுள் ஸ்காலரின் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ பகுதிக்குப் போய் உங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் நுழைவு இணைப்பு தோன்றும். ஓர் எச்சரிக்கை: மென்பொருள் வைத்து ஓர் இதழின் எல்லாக் கட்டுரைகளையும் மொத்தமாக இறக்காதீர்கள். பதிப்பகம் அதைக் கண்டுபிடித்து முழுப் பல்கலைக்கழகத்தின் அணுக்கத்தையும் நிறுத்திவைக்கலாம்.

அட்டை இல்லாதவர்களுக்கும் வழி அடைபடவில்லை. ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் தனிக்கணக்கு தொடங்கினால் மாதம் 100 கட்டுரைகள் இலவசமாகத் திரையில் படிக்கலாம். தேசிய நூலக உறுப்பினர்களுக்கும் மின்வளங்கள் உண்டு, சிலவற்றை வீட்டிலிருந்தும் சிலவற்றை நூலகத்துக்குள்ளும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ‘சோத்கங்கா’ முற்றிலும் இலவசம். அதில் தமிழ் ஆய்வேடுகள் அதிகாரம் அதிகாரமாகத் தனிக்கோப்புகளில் கிடக்கும். பல கோப்புகள் வருடல் படம் அல்லது பழைய எழுத்துரு, அதனால் சொல் தேடல் வேலைசெய்யாது. அத்தகைய பக்கத்தைப் படமாகக் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாக மாறும். 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைந்த படமானால் பிழை பெருகும், மேற்கோளாக எடுக்கும் வரியை மூலத்தோடு ஒப்பிடாமல் ஒட்டாதீர்கள்.

அட்டையின் இரண்டாவது பலம் ஆட்கள். ஒரு துறைக்கென்றே தேடலில் உதவும் பாடநூலகர் என்றொருவர் இருக்கிறார் என்பதே பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை. ‘தமிழ் பற்றி ஏதாவது’ என்று கேட்டால் அவரால் உதவ முடியாது. காலம், இடம், ஏற்கெனவே தேடிய சொற்கள் மூன்றையும் எழுதி அனுப்பிவிட்டுப் போய் உட்கார்ந்தால் வாங்கவேண்டிய நூலுக்குப் பரிந்துரைகூடச் செய்துகொடுப்பார். தமிழாசிரியர் பயிற்சி, பாடத்திட்டம் பற்றிய பொருளுக்கு நன்யாங்கிலுள்ள தேசியக் கல்விக் கழக நூலகத்தை முதலில் பாருங்கள். தமிழில் பட்டப்படிப்பு நடத்தும் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள் தங்கள் நூலகத்தோடு நிற்காமல் விக்டோரியா ஸ்திரீட்டையும் இரண்டாவது வீடாக வைத்துக்கொள்வதே நல்லது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களில் தமிழிலும் உண்டு. விவரக்குறிப்புகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். சிலவற்றை இணையத்தில் உடனே கேட்கலாம், சிலவற்றுக்கு எழுத்துவழி அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தை ஆய்வின் கடைசி மாதத்தில் எழுதாதீர்கள்.

நகல் எடுப்பதில் எங்கும் ஒரே விதி: ஆய்வுக்காக ஒரு நூலில் 10 விழுக்காடு அல்லது ஓர் அதிகாரம். மேற்கோள் மென்பொருளில் தமிழ்ப் பெயர்கள் தகராறு செய்யும். ‘கோ. சாரங்கபாணி’யில் ‘சாரங்கபாணி’யைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். ஸோட்டிரோ என்ற மென்பொருளில் பெயர்க் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றினால் எழுதியபடியே நிற்கும். ஸோட்டிரோவுக்குக் கட்டணமில்லை, எண்ட்நோட் உரிமம் பல்கலைக்கழகத்தோடு போய்விடும். பட்டமளிப்புக்குப் பிறகு அட்டையும் மின்னஞ்சலும் செயலிழக்குமுன் நூற்பட்டியலை ஏற்றுமதி செய்து, கணக்கைச் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள்.