ரிவ்யூ காமன்ஸ்: பேப்பர் திரும்பி வந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம்

ஆறு மாதம் கூடுதல் சோதனைகள் செய்து, மூன்று ரிவ்யூவர்களுக்கும் (பேப்பரை மதிப்பிடும் சக ஆய்வாளர்கள்) வரிக்கு வரி பதில் எழுதி அனுப்பிய பிறகு, "எங்கள் ஜர்னலுக்குப் புதுமை போதாது" என்று ஒரு மின்னஞ்சல் வரும். அடுத்த ஜர்னலுக்குப் போனால் வேறு மூன்று பேர், வேறு கேள்விகள். ரிஜெக்ட் ஆன வலியைவிட இந்த மறுசுற்றுதான் பல ஆய்வு மாணவர்களைச் சோர்ந்துபோக வைக்கிறது. இந்த மறுசுற்றைக் குறைப்பதற்கென்றே இருக்கிறது ரிவ்யூ காமன்ஸ்.

எம்போ (EMBO), ஆசாப்பயோ (ASAPbio) என்ற இரு உயிர் அறிவியல் அமைப்புகள் சேர்ந்து 2019 டிசம்பரில் தொடங்கிய சேவை இது. உயிர் அறிவியல் பேப்பர்களுக்கு மட்டும்; ரிவ்யூவுக்குக் கட்டணம் கிடையாது. எந்த ஜர்னல் என்று முடிவு செய்வதற்கு முன்பே ரிவ்யூ முடிந்துவிடும். சான்று வலுவாக இருக்கிறதா, முடிவு யாருக்கு முக்கியம் என்று ரிவ்யூவர் சொன்னால் போதும். இன்ன ஜர்னலுக்குத் தகுமா என்ற கேள்வியே அவர் முன் வைக்கப்படுவதில்லை. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எம்போ ஜர்னல், பிளாஸ் ஜெனடிக்ஸ், ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி, டெவலப்மென்ட் போன்ற இணைப்பு ஜர்னல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த ஜர்னல் மறுத்துவிட்டால் அதே ரிப்போர்ட்டுகளோடு அடுத்ததற்கு மாற்றிக்கொள்ளலாம்.

எங்கள் கணக்கில் இதன் உண்மையான மதிப்பு 'திருத்தத் திட்டம்' என்ற படிவத்தில் இருக்கிறது. சோதனைகளைச் செய்து முடிக்கும் முன்பே, என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் எழுதி ஜர்னல் எடிட்டரிடம் காட்டிவிடலாம். செய்யப்போவது, ஏற்கெனவே செய்தது, செய்ய விரும்பாதது என மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும்.

மூன்று கேள்விகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைக் கண்டறியும் சோதனை) லோடிங் கண்ட்ரோல், அதாவது எல்லா மாதிரியிலும் புரதம் சம அளவில் இருப்பதைக் காட்டும் சரிபார்ப்பு, இல்லை: மைனஸ் 80 ஃப்ரீசரில் பழைய லைசேட் (செல்களை உடைத்தெடுத்த கரைசல்) இருந்தால் ஒரு வாரத்தில் ஓட்டிவிட்டு 'செய்தது' பகுதியில் போடுங்கள். நாக்அவுட் செல்லில் (ஒரு ஜீனை முடக்கிய செல்) அந்த ஜீனைத் திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்: குளோனிங், ஸ்டேபிள் லைன் (ஜீனை நிலையாகத் தாங்கும் செல்கள்) என்று மாதக்கணக்கில் இழுக்கும், 'செய்யப்போவது' பகுதியில் தேதியோடு எழுதுங்கள். எலியிலும் காட்டுங்கள் என்பது மூன்றாவது. 'நேரமில்லை, பணமில்லை' என்ற பதில் இதற்கு எடுபடாது. மையக் கூற்றுக்கு அந்தச் சோதனை ஏன் தேவையில்லை என்று காட்டி, தலைப்பில் இருக்கும் 'விலங்குகளில்' என்ற சொல்லை 'இந்தச் செல்களில்' என்று குறைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. நேச்சர், செல், சயின்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. ரிவ்யூவுக்கு எடுக்கும் முன்பே ரிவ்யூ காமன்ஸ் எடிட்டர்கள் திருப்பி அனுப்பவும் கூடும். மூன்றில் ஒரு ரிப்போர்ட் மோசமாக இருந்தால் அதை மட்டும் ஒளித்துவைக்க வழியில்லை, மாற்றும்போது எல்லாமே சேர்ந்தேதான் போகும் (பயோஆர்கைவ் என்ற முன்வெளியீட்டுத் தளத்தில் ரிப்போர்ட்டுகளைப் போடுவது மட்டும் உங்கள் விருப்பம்). ரிவ்யூ இலவசம் என்பதால் வெளியீடும் இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிடுவது) கட்டணமும் தள்ளுபடியும் ஜர்னலுக்கு ஜர்னல் மாறும், தேர்ந்தெடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று பலரும் மறப்பது: இரண்டாவது ஜர்னலுக்கு மாற்றும்போது பழைய திட்டத்தை அப்படியே அனுப்பாதீர்கள். இடையில் முடிந்த சோதனைகளைப் படத்தோடு 'செய்தது' பகுதிக்கு நகர்த்திவிட்டு அனுப்புங்கள்.