கடலோரத் தொடர்மாடியில் ஸ்ட்ரீமிங் இசை: சில வருடப் பாவனைக்குப் பிறகு

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இருக்கும் ஒரு தொடர்மாடியில், இசை கேட்பதற்கென்று ஒரு சின்ன அமைப்பை 2021இலிருந்து பாவித்து வருகிறேன். ஸ்பொட்டிஃபை இலங்கைக்கு வந்த வருடம் அது. ராஸ்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி, அதில் மூட் ஆடியோ என்ற இலவச மென்பொருள், யூஎஸ்பி வழியாக ஒரு டிஏசி (டிஜிட்டல் தரவை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் பெட்டி), ஒரு ஸ்டீரியோ அம்ப், இரண்டு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள். சேர்த்து வைத்திருந்த சீடிகளைத் தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளாக்கி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டிருக்கிறேன். ஒலித்தரம் கூடுவதற்கு எதில் காசு போடலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் அறையைப் பாருங்கள், பெட்டிகளை அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

டிஜிட்டல் பக்கத்தைச் சீராக்குவது ஒரு மாலைப்பொழுது வேலை. போனிலிருந்து புளூடூத்தில் அனுப்பினால் பாட்டு இன்னொரு தடவை சுருக்கப்படுகிறது. வழக்கமான எஸ்பிசி முறையில் செக்கனுக்கு 328 கிலோபிட்டுக்கு மேல் பொதுவாகப் போவதில்லை. பல ஆண்ட்ராய்டு போன்கள் சீடியின் 44.1 கிலோஹெர்ட்ஸை 48க்கு மாற்றியே வெளியே விடுகின்றன. ராஸ்பெர்ரி பை இருந்தால் இந்த இரண்டு சிக்கலும் இல்லை. கோப்பில் உள்ளது உள்ளபடி டிஏசிக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து அது ஒலியாக மாறும் நேரத்தைத் தீர்மானிப்பது டிஏசியின் சொந்தக் கடிகாரம். வலைப்பின்னல் வழியாக வரும் தரவு சரிபார்க்கப்பட்டு, விடுபட்டது திரும்பக் கேட்டு வாங்கப்பட்டு, முன்கூட்டியே சேமிக்கப்படுகிறது. அதனால் விலையுயர்ந்த லேன் வயர் ஒலியை மாற்ற வழியே இல்லை. நானும் வயர்தான் போட்டிருக்கிறேன், யூனிட்டி பிளாசாவில் வாங்கிய சாதாரண வயர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ரூட்டர் இருக்கும் தொடர்மாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நெரிசலில் பாட்டு இடையில் அறுந்துபோகும், அதற்காக.

சீடியின் 16 பிட்டை விட நுணுக்கமான 24 பிட் பதிவுகள் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். 16 பிட்டிலேயே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே ஏறக்குறைய 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. யன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டால் என் ஹோலின் அமைதியே 45 டெசிபலைத் தாண்டுகிறது; கரையோர ரயில் போகும்போது சொல்லவே வேண்டாம். அந்தச் சத்தத்துக்கு மேல் 96ஐ வைத்தால் 140க்கும் மேல், காது வலிக்கும் எல்லைக்கு அப்பால். 16 பிட்டையே முழுதாகக் காட்ட முடியாத அறையில் 24 பிட்டுக்குக் கூடுதல் சந்தா கட்டத் தேவையில்லை. ஒரே பாட்டின் வெவ்வேறாக வெளிவந்த இரண்டு பதிப்புகளுக்கு இடையில் கேட்கும் வித்தியாசம், 320 கிலோபிட்டுக்கும் சீடிக்கும் இடையில் கேட்பதை விடப் பெரிது. ஒப்பிடும்போது இரண்டின் சத்த அளவையும் சமமாக வைத்துக் கேளுங்கள். ஒரு டெசிபல் கூட இருந்தாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லும்.

இனி அறை. கொழும்பில் எங்கும் பார்க்கும் ஹோல்தான்: சீமெந்துச் சுவர், டைல்ஸ் தரை, கொங்கிரீட் கூரை, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மூன்றரை மீட்டர். நம்மூர் வெக்கையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 349 மீட்டர் போகும். அதை இந்த நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் 50 ஹெர்ட்ஸ் வருகிறது. அதற்குக் கிட்டவுள்ள எந்த ஒலியும் இரண்டு சுவர்களுக்கும் இடையில் முட்டித் திரும்பித் தன்னையே பெருக்கிக்கொள்ளும். பாஸ் கிட்டாரின் கீழ் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பாஸ் கிட்டார் என்ன அழகாக நடக்கும்! அந்த நடையில் ஒரு சுரம் மட்டும் வீங்கி, பக்கத்துச் சுரங்கள் மெலிந்து கேட்டால் எவ்வளவு பெரிய இழப்பு. எந்த டிஏசியை மாற்றினாலும் அது தீராது.

தீர்த்தது முதலில் இடமாற்றம்தான், செலவில்லாமல். தாழ்ந்த ஒலி சுவரோரம்தான் அதிகம் திரளும். பின்சுவரை ஒட்டிக் கிடந்த செற்றியை முன்னுக்கு இழுத்தேன். ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி ஸ்டாண்டில் வைத்தேன். இரு ஸ்பீக்கருக்கும் நடுவே உள்ள தூரமும், அவற்றிலிருந்து காதுக்கு உள்ள தூரமும் சமம். தரைக்குத் தடித்த தும்பு விரிப்பு, யன்னலுக்குக் கனமான திரைச்சீலை. கைதட்டினால் கணீரென்று திரும்பி வந்த எதிரொலி அடங்கியது. தாழ்ந்த ஒலிக்கு விரிப்பும் திரையும் போதாது என்பதால், அப்புறம் யூமிக்-1 என்ற அளவீட்டு மைக்கை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்து, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். 50 ஹெர்ட்ஸில் எழுந்து நின்ற மேட்டை, மூட் ஆடியோவுக்குள்ளேயே இருக்கும் கமில்லா டிஎஸ்பி என்ற ஒலித்திருத்தியால் வெட்டினேன். மேட்டை வெட்டலாம், பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அங்கே அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. கூட்டிக் கொடுத்தால் அதுவும் அழியும், அம்ப்புக்குத்தான் சுமை.

பலனை நான் மிருதங்கத்தில் உணர்ந்தேன். அதன் தாழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியில், கையை அழுத்தி வாசிக்கும் கும்கி எழும்போது சுருதி வழுக்கி ஏறுவது முன்பு ஒரே உறுமலாகக் கேட்டது. இப்போது கையின் அழுத்தம் வரை பின்தொடர முடிகிறது.

ஸ்பீக்கர் வைத்த இடம் சரிதானா என்று பார்க்க 1950, 60களின் தமிழ்த் திரைப்பாடல்களைப் போடுங்கள். இலங்கை வானொலியில் கேட்டு நம்மில் பலருக்கு மனப்பாடமான அந்தப் பாடல்கள் மோனோவில், அதாவது ஒற்றைத் தடத்தில், பதிவானவை. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், ஸ்பீக்கரே இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் அளவை மறுபடி பாருங்கள். ஸ்ட்ரீமிங்கில் எதிரொலி சேர்த்துப் பொய் ஸ்டீரியோவாக்கிய பதிப்புகளும் கிடக்கின்றன. அவற்றைத் தவிர்த்து, எதுவும் சேர்க்காத மோனோவைத் தேடி எடுங்கள். அந்தக் குரல்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது.

பராமரிப்பில் முதல் எதிரி உப்புக் காற்று. டிஏசியையும் அம்ப்பையும் இணைக்கும் ஆர்சிஏ பிளக்குகளில் பச்சைக் களிம்பு ஏறி ஒரு பக்கம் கரகரக்கும். சில மாதங்களுக்கொருமுறை கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பப் பூட்டுகிறேன். ஸ்பீக்கர் வாங்கும்போது கூம்பின் விளிம்பு ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் விளிம்பு இந்த ஈரப்பதத்தில் உதிர்ந்துவிடும். அடுத்தது கரண்ட். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை வெட்டிய காலத்தில், திடீர் திடீரென்று அணைந்ததில் பையின் எஸ்டி கார்ட் பழுதானது. இப்போது பை சின்ன எஸ்எஸ்டியிலிருந்து இயங்குகிறது, அதற்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய யூபிஎஸ். அமைப்பு முழுவதற்கும் ஒரு பிரதியும் வைத்திருக்கிறேன்.

மிச்சமிருப்பது 70 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். செற்றியை இன்னும் முன்னுக்கு இழுத்தால் குறைகிறது, ஆனால் பால்கனிக் கதவை மறிக்கிறது. சப்வூஃபர் ஒன்றைப் பக்கச் சுவரோரம் வைத்துப் பார்க்கலாம். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் அதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.