14 வருஷமா ஒரே பாடம்: சலிக்காம நடத்த எது நிஜமா கைகொடுக்குது?

நான் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு பிசிக்ஸ் எடுக்குறேன். 14 வருஷம் ஆச்சு, வருஷத்துக்கு ரெண்டு செக்‌ஷன், நியூட்டன் விதிகளை எத்தனை தடவை நடத்தியிருப்பேன்னு நீங்களே கணக்கு போட்டுக்கோங்க. ஒரு கட்டத்துல கை போர்டுல எழுதிட்டிருக்கும், வாய் பாடத்தை சொல்லிட்டிருக்கும், மனசு மட்டும் எங்கயோ போயிருக்கும். பசங்க அதை உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. 2018-19ல பிளஸ் ஒன் புத்தகம் மாறினப்போ ரெண்டு வருஷம் நல்லா உற்சாகமா போச்சு, அப்புறம் அந்தப் புத்தகமும் தலைகீழ் பாடம் ஆயிடுச்சு. அதனால நாலு வழியை மாத்தி மாத்தி முயற்சி பண்ணேன். என்னை மாதிரி தவிக்கிற டீச்சர்ஸ் யாருக்காவது உதவும்னு எழுதுறேன்.

முதல்ல ஸ்மார்ட் போர்டு. எல்லாரும் முதல்ல இதைத்தான் சொல்வாங்க. வீடியோ போட்டா கிளாஸ் அமைதியாயிடும் சரி, ஆனா அமைதியா இருக்காங்கன்னா புரிஞ்சிருச்சுன்னு அர்த்தமில்ல. அதே வீடியோவை மூணாவது வருஷம் போடும்போது எனக்கே கொட்டாவி வருது. கொலராடோ பல்கலைக்கழகத்தோட ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது ஸ்கிரீன்லயே பண்ணிப் பார்க்குற சோதனைகள், மட்டும் விதிவிலக்கு, இலவசம், பசங்களே வந்து மதிப்பை மாத்தி மாத்தி பார்க்கலாம், அலை, மின்புலம் மாதிரி கண்ணுக்குத் தெரியாத விஷயத்துக்கு அதை விட்டா எனக்கு வேற வழி தெரியல.

ரெண்டாவது, கையில எடுத்துச் செஞ்சு காட்டுறது. ஏசி மெக்கானிக்கிட்ட கேட்டு வாங்கின ரெண்டடி காப்பர் பைப் ஒண்ணு வெச்சிருக்கேன், அதுக்குள்ள ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தைப் போட்டா, சாதாரணமா அரை செகண்ட் கூட ஆகாத இடத்துல அது ஆடி அசைஞ்சு நிதானமா இறங்கும். மேல இருந்து எட்டிப் பார்க்குற பையன் "மிஸ் மாட்டிக்கிச்சு"ன்னு கத்துவான், அதுக்குள்ள காந்தம் கீழ விழுந்துடும். காப்பர்ல காந்தம் ஒட்டாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அப்புறம் யார் பிடிச்சு இழுத்தது? காந்தம் நகர்றதால பைப்ல உண்டாகுற மின்னோட்டம் அந்த நகர்வையே எதிர்க்கும்னு சொல்ற லென்ஸ் (Lenz) விதிக்கு இதைவிட நல்ல ஆரம்பம் நான் பார்த்ததில்ல. ஒரே குறை, எல்லா பாடத்துக்கும் இப்படி ஒண்ணு கிடைக்காது, அதோட "ஆ"ன்னு ஆச்சரியப்பட்டதுக்கப்புறம் அவன் மனசுல என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியாமலே போயிடும்.

அங்கதான் மூணாவது வழிக்கு வந்தேன். ஹார்வர்டுல எரிக் மசூர்னு ஒரு பிசிக்ஸ் பேராசிரியர், நல்லா நடத்துறவர்னு பேர் வாங்கினவர், தன்னோட மாணவர்களுக்கு ரொம்ப அடிப்படையான விசை கேள்விகளை கொடுத்துப் பார்த்தா நிறைய பேர் தடுமாறிட்டாங்க. அதுல ஒரு பொண்ணு, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி எழுதணுமா, நான் வழக்கமா நினைக்கிற மாதிரி எழுதணுமான்னு கேட்டிருக்கு. அதுக்கப்புறம் 1991ல இருந்து அவர் வகுப்பையே மாத்திட்டார். ஒரு கேள்வி போடுவார், தனித்தனியா ஓட்டு, சுமார் 30ல இருந்து 70 சதவீதம் வரை சரியா சொன்னா பக்கத்துல இருக்கிறவங்களோட வாதாட விட்டு மறுபடி ஓட்டு.

நான் போட்ட கேள்வி இதுதான்: லாரியும் ஸ்கூட்டரும் மோதுது, எது மேல விசை அதிகம்? நியூட்டனோட மூணாம் விதியை அட்சரம் பிசகாம ஒப்பிக்கிற பசங்களே "ஸ்கூட்டர் மேல"ன்னு கை தூக்குனாங்க. ரெண்டுலயும் விசை சமம்னு சொன்ன சில பேரை மத்தவங்க விடவே இல்ல, "அப்ப ஸ்கூட்டர் மட்டும் ஏன் நொறுங்குது?"ன்னு ஒரே சத்தம். விசை ஒண்ணுதான், நிறை கம்மியா இருக்கிறதால முடுக்கம் அதிகம்னு ஒரு பையன் எழுந்து சொன்னப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு, ஏன்னா நான் இத்தனை வருஷமா சொன்ன அதே வரிதான், ஆனா சண்டை போட்டு வாங்கின வரி. ஒவ்வொரு செக்‌ஷனும் வேற மாதிரி தப்பு பண்ணுது, அதனால சலிக்கவே இல்ல. நேரம்தான் பிரச்சனை, ஒரு கேள்விக்கு பத்து நிமிஷம் ஓடிடும், பிளஸ் டூவுல போர்ஷன் முடிக்கணும்னா பீரியடுக்கு ஒண்ணுக்கு மேல முடியாது.

நாலாவது, ஜப்பான்ல மெய்ஜி காலத்துல இருந்து பழக்கத்துல இருக்கிற ஜுக்யோ கென்க்யூ. பாட ஆய்வுன்னு சொல்லலாம். சில டீச்சர்ஸ் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை திட்டம் போடுவாங்க, ஒருத்தர் நடத்துவார், மத்தவங்க பின்னாடி நின்னு டீச்சரை இல்ல, பசங்களைப் பார்ப்பாங்க, முடிஞ்சதும் உட்கார்ந்து பேசுவாங்க. இங்க கிளாஸுக்குள்ள இன்னொருத்தர் வந்தாலே இன்ஸ்பெக்‌ஷன்னு பயப்படுறோம். நானும் எங்க கெமிஸ்ட்ரி டீச்சரும் ஃப்ரீ பீரியட் ஒத்துவந்த ஒரு நாள் துணிஞ்சு பண்ணோம், அதே லாரி கேள்விதான். முடிஞ்சதும் அவங்க சொன்னது: "மிஸ், மூணாவது பெஞ்ச் ஓரத்துல இருக்கிற பொண்ணு முதல்ல சமம்னுதான் நோட்ல எழுதுச்சு. எல்லாரும் கை தூக்கினதைப் பார்த்துட்டு அழிச்சுட்டு அதுவும் தூக்கிடுச்சு."

போர்டு பக்கத்துல நின்ன எனக்கு அது தெரிய வாய்ப்பே இல்ல. ஓட்டெடுப்பு நல்லா போகுதுன்னு நான் நம்பிட்டிருந்தேன், அந்தப் பொண்ணு மாதிரி எத்தனை பேரை விட்டிருப்பேனோன்னு அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. மறுநாள்ல இருந்து கண்ணை மூடிக்கிட்டு நெஞ்சுக்கு முன்னாடி விரலை மட்டும் காட்டச் சொல்றேன், ஒண்ணுன்னா லாரி, ரெண்டுன்னா ஸ்கூட்டர், மூணுன்னா சமம்.

அதனால என் தீர்ப்பு இது. ஸ்டாஃப் ரூம்ல துணைக்கு யாரும் இல்லன்னா மசூர் வழியை எடுங்க, நாளைக்கே ஆரம்பிக்கலாம், காசு செலவில்ல. நம்பிக்கையான ஒரே ஒருத்தர் கிடைச்சாலும் ஜப்பான் வழிதான் எனக்கு ஒரு படி மேல, வருஷத்துக்கு ரெண்டு தடவை பண்ணாக்கூட போதும். காப்பர் பைப் எப்பவும் பையில இருக்கட்டும். ஸ்மார்ட் போர்டை தேவைப்படுற பாடத்துக்கு மட்டும் ஆன் பண்ணுங்க.

இந்த ஜூலைல நான் அந்த கெமிஸ்ட்ரி டீச்சரோட கிளாஸ்ல பின்னாடி நிக்கப் போறேன், பாடம் மோல் கான்செப்ட், கேள்வியை ரெண்டு பேரும் சேர்ந்து இன்னும் தேடிட்டிருக்கோம்.