மட்டக்களப்புப் புழுக்கத்தில் காலில் டேப் நிற்குமா? கினிசியோ டேப் பாவனை அனுபவம்

கல்லடிப் பாலத்தில் விடிய 5 மணிக்கு ஓடி முடித்தவர்கள் சப்பாத்தைக் கழற்றினால் மேஸுக்குள் அடிக்கடி காண்பது சுருண்டு கயிறாகிப்போன நீல டேப்தான். நோவுக்குத் தாங்கலாகத் தோலில் ஒட்டும், இழுபடும் துணி டேப்தான் இந்தக் கினிசியோ டேப். பசை சரியில்லை என்று பழி ரோலின் மேல் விழும். மலிவான ரோல்களில் அப்படியும் உண்டு. ஆனால் பெரும்பாலும் பிழை, ஒட்டிய நேரத்திலும் நுனிகளைக் கொண்டுபோய் முடித்த இடத்திலும்தான்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. வியர்வைச் சுரப்பிதான் நெருக்கமாக இருக்கிறது. அங்கே எண்ணெய்ப்பசை இருந்தால் அது நாம் பூசியது: குதிக்கால் வெடிப்புக்குத் தடவிய தேங்காயெண்ணெய், நோவுக்குத் தேய்த்த தைலம். ஒரு தரம் சவர்க்காரம் போட்டால் அது போகாது. இரண்டு தரம் கழுவி, துவாயால் ஒற்றி, அரை மணி நேரம் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, அதுவும் உலர்ந்த பிறகே டேப். பவுடர் அந்தப் பக்கமே வரக்கூடாது. குதிக்காலில் தடித்த செத்த தோலை முதல் நாளே கல்லால் தேய்த்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பசை அந்தத் தோலைப் பிடிக்கும், தோல் உரியும்போது டேப்பும் கூடவே வரும்.

விடிய எழும்பி ஒட்டிக்கொண்டு ஓடுவது இந்த ஊருக்குச் சரிவராது. பசை சூட்டில் இளகித்தான் தோலைப் பிடிக்கும். அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். இங்கே சப்பாத்து நாடா கட்டும்போதே வியர்த்துவிடுகிறது. முதல் நாள் இரவு ஒட்டி, மெல்லிய மேஸைப் போட்டுக்கொண்டு படுப்பதுதான் நின்று பிடிக்கிறது.

உள்ளங்கால் வளைவுக்கு, 5 செ.மீ. அகல டேப்பில் ஒரு காலுக்கு இரண்டு துண்டு: 25 செ.மீ. ஒன்று, 15 செ.மீ. ஒன்று. பாதம் பெரிதென்றால் கொஞ்சம் கூட்டலாம். இரண்டு காலுக்கும் 80 செ.மீ. போகும், 5 மீற்றர் ரோல் ஆறு தடவைக்கு வரும். மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டுங்கள். கூரான மூலைதான் மேஸில் முதலில் மாட்டும்.

நீளத் துண்டைக் குதிக்காலின் பின்புறம், குதித் தசைநாணின் மேல் தொடங்குங்கள். முதல் 4 செ.மீ. இழுக்கவே கூடாது. பாதத்தை மேல்நோக்கி மடக்கிக்கொண்டு, குதியைச் சுற்றி உள்ளங்காலுக்குக் கொண்டுவந்து, நடுப்பகுதியை மட்டும், முழுக்க இழுபடும் அளவில் கால்வாசிக்கு இழுத்து ஒட்டுங்கள். காகிதத்தில் இருக்கும்போதே டேப் கொஞ்சம் இழுபட்டுத்தான் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். நிறைய இழுத்தால் நிறையப் பலன் என்று நினைப்பவர்களுக்குத்தான் நுனியில் கடியும் (அரிப்பும்) நீர்க்கொப்புளமும் வரும்.

முன் நுனி விரல்களுக்குக் கீழுள்ள மேட்டுக்கு முன்பே நிற்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் பாதம் மடிவது அந்த மேட்டில்தான். அங்கே முடித்தால் இரண்டு கிலோமீற்றருக்குள் சுருளும். அந்த நுனிக்கு மேலாகக் குறுக்குத் துண்டைப் போட்டு, அதன் இரு முனைகளையும் பாதத்தின் மேற்புறம் ஏற்றி வெறும் தோலில் முடியுங்கள். டேப்பின் மேல் டேப் அவ்வளவாக ஒட்டாது. முனைகளை ஒன்றோடொன்று முட்டவும் விடாதீர்கள், ஓடும்போது பாதம் வீங்கும். கடைசியாக, உரித்த காகிதத்தை மேலே வைத்து, சூடு தெரியும் வரை அரை நிமிடம் தேய்த்தால் ஓரம் எழும்பாது.

அதிகம் வியர்ப்பவர்கள் நுனி விழும் இடத்தில் மட்டும் டிங்சர் பென்சோயின் (தோலில் பிசுபிசுப்பு உண்டாக்கும் மருந்துக் கரைசல்) தடவி, பிசுபிசுக்கும் வரை விட்டு ஒட்டலாம். சிலருக்கு அது ஒவ்வாது. புண்ணில் படவே கூடாது. மேஸை இழுத்து ஏற்றாமல், சுருட்டிவைத்து விரலிலிருந்து விரித்துக்கொண்டு வாருங்கள்.

கடற்கரை மணலில் ஓடுபவர்களுக்கு ஒன்று: எழும்பிய ஓரத்தைத் திரும்ப அமத்திப் பயனில்லை. பசையில் மணல் பட்டால் பட்டதுதான், அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். பெட்டியில் 3 முதல் 5 நாள் என்று போட்டிருக்கும். கெண்டைக்காலில் அது நடக்கலாம். பாதத்தில், இந்த ஊரில், இரண்டு ஓட்டத்துக்கு நின்றால் திருப்திப்படலாம்.

கழற்றும்போது தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டு, ஒரு கையால் தோலை அமத்திக்கொண்டு தாழ்வாக உரியுங்கள். கடித்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே எடுத்துவிட வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், கடிப்பதே அவர்களுக்குத் தெரியாது. உடைந்த கொப்புளத்தின் மேல் நேரடியாக ஒட்டாமல் இடையில் கோஸ் துணி வையுங்கள்.

நோவு குறையுமா? சிலருக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். 1970களில் ஜப்பானில் கென்சோ காசே உருவாக்கிய இந்த டேப் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குப் பிறகு உலகமெங்கும் பிரபலமானது. பிரபலம் அளவுக்கு ஆய்வுகள் கைகொடுக்கவில்லை. தேய்ந்த சப்பாத்தை மாற்றுவதற்குப் பதிலாக இதை ஒட்டாதீர்கள்.

மிச்ச ரோலை மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே போட்டுவைக்க வேண்டாம். வெயிலில் பசை இளகிக் காகிதத்திலேயே தங்கிவிடும். வீட்டுக்குள், மூடிய டின்னில் இருக்கட்டும்.