சஸ்பென்ஷன் செட்டப்னு காசு வாங்கிட்டு பேப்பர் மட்டும் குடுத்தாங்க, லோவர் பண்ண (உயரத்த இறக்குன) கார் வெச்சிருக்கவங்க படிங்க

கடை பேர் போடல, கேக்காதீங்க. ஆனா இவங்க செஞ்ச வேலைய எந்த ஊர்ல எந்த கடைக்காரன் வேணா செய்யலாம், அதனால எப்படி கண்டுபிடிச்சேன்னு மட்டும் விவரமா எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

கார் ஃப்ரன்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக். முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்கும்), பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் வீலையும் சேர்க்கிற ஒரே இரும்பு பீம்). ஏற்கனவே காயில்ஓவர் (உயரம் மாத்தக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்) போட்டு இறக்கியிருந்துச்சு, வாரம் முழுக்க ஆபீஸ் போக, வார இறுதில ஆட்டோகிராஸ் (கோன் வெச்ச பாதைல நேரம் பாத்து ஓட்டுற போட்டி) ஓட்ட, ரெண்டுக்கும் இதே வண்டிதான். கோன் நடுவுல வளைக்கும்போது பாடி ரொம்ப சாயுது, முன் டயர் வெளி ஓரம் மட்டும் தேயுதுன்னு சொல்லித்தான் கடைக்கு போனேன். முன்னாடி 6 கேஜி ஸ்பிரிங் (அதாவது ஒரு மில்லிமீட்டர் அமுங்க 6 கிலோ), கேம்பர் போல்ட் வெச்சு ரெண்டு பக்கமும் மைனஸ் 2.5 டிகிரி கேம்பர் (வீலோட மேல்பக்கம் உள்ள சாயுற கோணம்), கார்னர் வெயிட் (நாலு வீல்லயும் தனித்தனியா எடை பாத்து சரி பண்றது), கடைசியா அலைன்மென்ட் (வீல் கோணங்கள சரி பண்றது), இவ்வளவும் சேர்த்து "முழு செட்டப்"னு பேசி முடிச்சாங்க. வண்டிய எடுக்கும்போது கலர் பிரின்ட்ல ரெண்டு ஷீட், "முன்பு, பின்பு"ன்னு பச்சை சிவப்பெல்லாம் போட்டு. பாத்தா யாருக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்.

ரோட்டுல எடுத்த உடனே வண்டி வலது பக்கம் இழுத்துச்சு. போன் பண்ணா "புது செட்டப் சார், டயர் செட் ஆகட்டும்"னு பதில். டயர் என்னைக்குய்யா கேம்பருக்கு செட் ஆச்சு? சரி ஆட்டோகிராஸ்ல பாப்போம்னு போனா இன்னும் மோசம். ஸ்லாலம்ல (கோன்களுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போறது) ஓரளவு ஓகே, ஆனா நீளமான வளைவுல பாதி தூரம் நல்லா பிடிச்சிட்டு இருந்த முன்பக்கம் திடீர்னு விட்டுருச்சு, நேரா கோன் மேல போய் நின்னேன். ஒரு தடவைன்னா டிரைவிங்ல விடலாம், ஒவ்வொரு ரன்லயும் அதே வளைவுல அதே மாதிரி.

ஷாக் ராடுல ஒரு ஜிப் டை இறுக்கிக் கட்டிட்டு அடுத்த ரன் போனேன். ஷாக் எவ்வளவு தூரம் அமுங்குதோ அவ்வளவு தூரம் அந்த டை தள்ளப்பட்டு அங்கயே நிக்கும், காசில்லாத டேட்டா லாகர். வந்து பாத்தா டை பம்ப் ஸ்டாப்புக்குள்ள புதைஞ்சு கிடக்கு. அதாவது வளைவு பாதில ஸ்பிரிங் வேலை முடிஞ்சு வண்டி ரப்பர் கட்டை மேல உக்காந்துருது, அந்த நொடில முன்பக்கம் கல்லு மாதிரி ஆகி டயர் பிடிய விட்டுருது. 6 கேஜி ஸ்பிரிங் போட்ட வண்டி இந்த டயர்ல இப்படி அமுங்கக் கூடாதே.

இங்க ஒரு விஷயம் சொல்லிடுறேன், லோவர் பண்ண வண்டிக்கு ஏன் அவ்வளவு ஹார்டு ஸ்பிரிங்னு கேக்குறவங்களுக்கு. ஸ்ட்ரட் வண்டிய இறக்குனா லோயர் ஆர்ம் (வீல பாடியோட இணைக்கிற கீழ் கை) வீல் பக்கம் மேல தூக்கிக்கும். வண்டி எத சுத்தி சாயுதோ அந்த ரோல் சென்டர்ங்கிற புள்ளி, வண்டியோட எடை மையம் இறங்குறத விட வேகமா கீழ போயிரும். ரெண்டுக்கும் நடுவுல தூரம் கூடுது, அதனால அதே வளைவுல வண்டி முன்னைய விட அதிகமா சாயப் பாக்கும். ஆனா அமுங்க இருக்கிற இடமோ குறைஞ்சிருக்கும். போதாததுக்கு சாயும்போது கேம்பர் கூட வேண்டிய இடத்துல அந்த ஆர்ம் ஆங்கிள்னால கூடாது, சில சமயம் குறையவே செய்யும். இறக்குன வண்டி பாக்க ரேஸ் கார் மாதிரி இருக்கும், ஆனா ஸ்பிரிங்கும் ஸ்டாட்டிக் கேம்பரும் (வண்டி நிக்கும்போது இருக்கிற கேம்பர்) சரியா இல்லேன்னா ஸ்டாக் வண்டியே அத ஜெயிச்சிரும்.

வீட்டுக்கு வந்து வீல கழட்டி ஸ்பிரிங்க பாத்தேன். இந்த மாதிரி ஸ்பிரிங்ல வழக்கமா உள் விட்டம், நீளம், ரேட் மூணும் அச்சடிச்சிருக்கும். என்னோடதுல அந்த இடம் மட்டும் கருப்பு ஸ்ப்ரே பெயின்ட். தின்னர் போட்டு துடைச்சா கடைசி நம்பர் 4. வலது ஸ்ட்ரட்ல கேம்பர் போல்ட்டே இல்ல, பழைய போல்ட் அப்படியே இருக்கு. கேம்பர் கேஜ் வெச்சு அளந்தேன், இடது மைனஸ் 2.4, வலது மைனஸ் 1.1. கேம்பர் வித்தியாசமா இருந்தா மைனஸ் கம்மியா இருக்கிற பக்கம் வண்டி இழுக்கும். வலது பக்கம் இழுத்ததுக்கு காரணம் இதுதான், டயர் செட் ஆகுற கதையெல்லாம் இல்ல.

அப்புறம்தான் அந்த ஷீட்டுங்கள நிதானமா உக்காந்து படிச்சேன். இதுதான் இந்தப் பதிவோட முக்கியமான பகுதி.

அலைன்மென்ட் ஷீட்ல பின் வீல் டோ (வீலோட முன் ஓரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற அளவு) "முன்பு" ஒரு பக்கம் வெளிய, ஒரு பக்கம் உள்ள, "பின்பு" ரெண்டு பக்கமும் கச்சிதமா ஒரே நம்பர். ஐயா, இது டார்ஷன் பீம். அதுல பின் டோவ திருப்பி வைக்க அட்ஜஸ்ட்மென்டே கிடையாது. மாத்தணும்னா ஹப்புக்கும் பீமுக்கும் நடுவுல ஷிம் (மெல்லிய தகடு) வைக்கணும். கேட்டப்ப "ஷிம் வெச்சிருக்கோம் சார்"னு சட்டுனு சொன்னாங்க. ஹப் போல்ட்ட போய் பாத்தா துரு பிடிச்சு, ஸ்பேனர் பட்ட கீறல் கூட இல்ல.

கார்னர் வெயிட் ஷீட் இதுக்கு மேல. முன்பு: முன் இடது 318, முன் வலது 340, பின் இடது 197, பின் வலது 205. பின்பு: முன்னாடி ரெண்டும் 312, பின்னாடி ரெண்டும் 218. ரெண்டையும் கூட்டுங்க, மொத்தம் 1060, அது சரியா வருது, அந்த அளவுக்கு புத்திசாலிதான். ஆனா முன்பக்க எடைய மட்டும் கூட்டுங்க. முன்பு 658, பின்பு 624. 34 கிலோ எங்கய்யா போச்சு? இன்ஜின பின்னாடி தள்ளி வெச்சீங்களா? ஸ்பிரிங் பெர்ச்ச (ஸ்பிரிங் உக்கார்ற வளையம்) ஏத்தி இறக்குனா மாறுறது குறுக்கு எடை மட்டும்தான், அதாவது முன் வலதும் பின் இடதும் சேர்ந்தது மொத்தத்துல எத்தனை சதவீதம்ங்கிறது. முன் பின் பங்கும் இடது வலது பங்கும் வண்டில எடைய நகத்தாம மாறவே மாறாது. இதுல இன்னொரு கூத்து, "முன்பு" நம்பர்ல குறுக்கு எடை ஏறக்குறைய 50.7 சதவீதம், அது ஏற்கனவே நல்ல நிலைமைதான். டிரைவர் எடைய சீட்ல வைக்கணும், நான் எத்தனை கிலோன்னு கூட யாரும் கேக்கல. ஸ்டேபிலைசர் பார் (வண்டி சாயறத குறைக்கிற கம்பி) லிங்க்க கழட்டிட்டுதான் எடை போடணும், அந்த நட்டுலயும் பழைய மண்ணு அப்படியே. ஸ்கேல் மேல வண்டி ஏறுச்சான்னே எனக்கு சந்தேகம்.

ஆட்டோகிராஸ்ல பழக்கமான ஒருத்தர் அதே கடைல தன் வண்டிக்கு வேலை பண்ணிக்கிட்டவர், அவர் ஷீட்ட வாங்கிப் பாத்தேன். வேற கம்பெனி வண்டி, வேற வீல்பேஸ். "பின்பு" பக்கத்துல நம்பர் எல்லாம் தசம புள்ளி வரைக்கும் என்னோடதேதான். அவர் சிரிச்சாரு, எனக்கு சிரிப்பு வரல.

புஷ் (ஆர்ம் போல்ட்ட சுத்தி இருக்கிற ரப்பர்) விஷயமும் சொல்லணும். லோயர் ஆர்ம் போல்ட்ட வண்டி ஜாக்ல தொங்கும்போதே இறுக்கியிருந்தாங்க. ரப்பர் புஷ் போல்ட்ட ரைடு ஹைட்ல, வண்டி எடை இறங்குன பிறகுதான் ஃபுல்லா டைட் பண்ணணும். இல்லேன்னா தரைல நிக்கும்போதே புஷ் முறுக்கிக்கிட்டு இருக்கும், வண்டி கொஞ்சம் ஒசந்தும் நிக்கும், சீக்கிரம் கிழியும். என்னோடதுல ஒண்ணு ஏற்கனவே ஓரம் விட்டிருச்சு.

இப்ப வேற ஒரு மெக்கானிக் கிட்ட பண்றேன், வயசானவர், அதிகம் பேச மாட்டாரு. "தம்பி கூடவே நில்லு"ன்னுட்டாரு. முதல்ல ஹைட், அப்புறம் கேம்பர், கடைசியாத்தான் டோ, ஏன்னா கேம்பர தொட்டா டோ தானா மாறும். என்னை சீட்ல உக்கார வெச்சு அளந்தாரு. டை ராட் (ஸ்டீரிங்கையும் வீலையும் இணைக்கிற கம்பி) ஆங்கிளையும் பாத்துட்டு, ஸ்பிரிங் இல்லாம வீல ஏத்தி இறக்கி டோ எவ்வளவு ஓடுதுன்னு காட்டுனாரு, பள்ளத்துல ஸ்டீரிங் தானா வெட்டுனது அதனாலதான், அது தனி வேலை. உண்மையான 6 கேஜி போட்ட பிறகு ஜிப் டை பம்ப் ஸ்டாப்ப தொடாம கீழயே நிக்குது, முன்பக்கம் விடுறது நின்னுச்சு.

உங்ககிட்ட செட்டப் ஷீட் இருந்தா முன் வீல் ரெண்டையும் முன்பு, பின்புன்னு தனித்தனியா கூட்டிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. அலைன்மென்ட் ஷீட்ல உங்க வண்டிக்கு எது எது அட்ஜஸ்ட் ஆகும்னு தெரிஞ்சுக்கிட்டு, ஆகாதது மாறியிருக்கான்னு பாருங்க. ஸ்பிரிங்க போடுறதுக்கு முன்னாடியே நம்பரோட போட்டோ எடுத்துக்கோங்க.

கடைக்காரங்க கார்னர் வெயிட் காச மட்டும் திருப்பிக் குடுத்தாங்க, அதுவும் ரெண்டு ஷீட்டையும் மேஜை மேல வெச்சு கூட்டிக் காட்டுன பிறகு. ஸ்பிரிங்குக்கு "சப்ளையர் தப்பா அனுப்பிட்டான்"னு சொல்றாங்க. சப்ளையர் தப்பா அனுப்புனா பெயின்ட் அடிச்சது யாருன்னு கேட்டேன், அதுக்கு இன்னும் பதில் வரல, காசும் வரல.