ஹட்டன்ல வாங்குன கார்பன் மாஸ்க், பிளைட்டுக்கு சரிவருமா?

5க்கு 3 குடுக்கலாம், அந்த மூணும் பிளைட்டுக்காக இல்ல.

கடைக்காரத் தம்பி "இத போட்டா எஞ்சின் வாடை கூட உள்ள வராதுண்ணே"ன்னு அடிச்சி சொன்னாரு, நமக்கு வீசிங் வேற, கட்டார் போற வழிக்கு ஒதவும்னு வாங்கிட்டேன். என்95 தான், நடுவுல வாடைய இழுக்க மெல்லிசா ஒரு கார்பன் லேயர். கட்டுநாயக்கா ஏர்போர்ட்ல எஞ்சின் ஸ்டார்ட் பண்ணதும் ஊறிப்போன சொக்ஸ் நாத்தம் ஒன்னு வந்திச்சு பாருங்க, மாஸ்க்கயும் தாண்டி வருது, கொஞ்சம் கொறைவாத்தான், ஆனா தொண்டை கரகரன்னு ஆகி நெஞ்சு இறுகி இன்ஹேலர் அடிச்சப்பறம்தான் மூச்சு விட்டேன்.

விஷயம் என்னன்னா பெரும்பாலான பிளைன்ல கெபினுக்கான வெளிக்காத்த எஞ்சினோட கம்ப்ரசர்ல (காத்த அமுக்குற பகுதி) இருந்துதான் எடுக்குறாங்க, அங்க சீல் லீக் ஆனா எஞ்சின் ஒயில் ஆவி நேரா கெபினுக்குள்ள வந்துரும், அந்த ஒயில்ல டிசிபின்னு நரம்புக்கு ஆகாத ஒரு கெமிக்கல் வேற கலந்திருக்கு. ஹெப்பா ஃபில்டர் இருக்கேன்னு கேப்பீங்க, அது உள்ள சுத்தி வர்ற காத்துல தூசி கிருமிய புடிக்கும், ஆவிய புடிக்காது. என்95ம் அதே கததான், 0.3 மைக்ரோன் துகள்ல 95 வீதம் தடுக்கும், ஆனா ஒயில் புகைக்குன்னு செஞ்சது இல்ல. அந்த ஆவிய சுவாசிச்சா இருமல், மூச்சிறைப்பு உடனே வரலாம், நாள்பட்ட பாதிப்பு பத்தி இன்னும் சண்டதான் ஓடுது.

எல்லா இருமலையும் ஒயில் மேல போடவும் ஏலாது, கெபின் ஈரப்பதம் 20 வீதத்துக்கும் கீழ, தொண்டை காயும். காத்தழுத்தம் 6000-8000 அடி ஒயரத்துக்கு சமன், நுவரெலியாவே 6100 அடிக்கு மேல, அதுல நம்ம மலைநாட்டு ஆளுக பயப்பட ஒன்னும் இல்ல.

திரும்பி வந்து மாஸ்க்க அக்காகிட்ட குடுத்துட்டேன், தேயிலை பெக்டரில தூள் சலிக்கிற பக்கம் வேலை, அந்த தூசிக்கு சூப்பர், சாயங்காலம் மூக்குல கருப்பே இல்லன்னு சொல்லுது. காது கயிறு மட்டும் வலிக்குமாம். மூணு மார்க் அதுக்குத்தான்.

பிளைட்டுக்குன்னா போயிங் 787 ஓடுற டிக்கெட்டா பாருங்க, அதுல காத்து எஞ்சின்ல இருந்து வராது, தனி எலக்ட்ரிக் கம்ப்ரசர். வீசிங் ஆளுக இன்ஹேலர கைப்பையில வைங்க, லக்கேஜ்ல போட்டுறாதீங்க. நாத்தம் வந்தா வந்த நேரமே க்ரூகிட்ட சொல்லி எழுத வைங்க, எறங்குனப்பறம் சொன்னா யாரும் கணக்கெடுக்க மாட்டாங்க.